கூடத்தைப் பார்த்துக் கட்டிய பாட்டு: டேவிட் பைர்ன், ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவை நம் ஊரில் பலர் ஒரே ஒரு பாட்டுக்காகத்தான் விடியற்காலையில் எழுந்து பார்த்தார்கள். ‘நாட்டு நாட்டு’ மேடையேறியது, விருதையும் வாங்கிவந்தது. அதே பிரிவில் தோற்ற பாட்டு ஒன்று, ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ படத்தில் வருவது, யாருக்கும் நினைவில் இருக்காது. அதைப் பாட வந்தவர்களில் ஒருவர் தலை முழுக்க நரைத்த எழுபது வயதுக்காரர். அவர் கைகளில் விரல்களுக்குப் பதிலாக நீள நீளமான சாஸேஜ்கள் தொங்கின. படத்தில் வரும் ஒரு வேடிக்கை அது. அதை அப்படியே மாட்டிக்கொண்டு, கூச்சமே இல்லாமல் பாடிவிட்டுப் போனார்.

அவர்தான் டேவிட் பைர்ன். அந்த மேடை அவருக்குப் புதிதல்ல. ‘தி லாஸ்ட் எம்பெரர்’ படத்துக்கு ரியூச்சி சகாமோட்டோ, சு சோங் ஆகியோருடன் சேர்ந்து இசையமைத்ததற்காக 1988லேயே ஆஸ்கர் வாங்கியவர். அதற்கும் முன்னால் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற ராக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர். இடையிலும் பிறகும் அவர் செய்தவற்றில் ஒரு முழுநீளப் படத்தின் இயக்கம், இசைத்தட்டு நிறுவனம், நடன நாடகத்துக்கான இசை, கட்டடத்தையே வாத்தியமாக்கிய கலைக்காட்சி, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் ஒரு நிகழ்ச்சி, புத்தகங்கள் ஆகியவை உண்டு. நியூயார்க் நகரத்துக்குச் சைக்கிள் நிறுத்தும் கம்பிகளும் செய்து கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர்களுக்குப் ‘பல்துறை வித்தகர்’ என்று ஒரு பட்டத்தைச் சூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது நம் வழக்கம். அந்தப் பட்டம் எதையும் விளக்குவதில்லை. பைர்னுக்கு அரைடஜன் திறமைகள் இருந்தன என்று நான் நினைக்கவில்லை. அவர் கித்தார் வித்வான் அல்லர். குரலும் பயிற்சி பெற்ற குரல் அல்ல. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். எந்த இடத்தில், யார் முன்னால், எந்தச் சாதனத்தோடு நிற்கிறோம் என்பதை முதலில் பார்ப்பார். அந்த இடத்துக்கு எது பொருந்துமோ அதைப் பிறகு செய்வார். அந்தப் பழக்கம் எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வு.

பௌரி தெருக் கூடம்

1952 மே 14 அன்று ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் பிறந்தவர். அப்பா மின்பொறியாளர். சிறு வயதிலேயே குடும்பம் கனடாவுக்கும், பிறகு அமெரிக்காவின் மேரிலாந்துக்கும் பெயர்ந்தது. ரோட் ஐலண்டில் ஓவியக் கல்லூரியில் ஓராண்டு, பால்டிமோரில் இன்னொரு கலைக்கல்லூரியில் ஓராண்டு. இரண்டையும் முடிக்கவில்லை. ரோட் ஐலண்டில் கிடைத்த நண்பர் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ஃபிரான்ட்ஸ். ஃபிரான்ட்ஸின் காதலி டீனா வேமத், ஓவிய மாணவி. மூவரும் நியூயார்க் வந்து ஒரே மாடியில் குடியேறினார்கள். பேஸ் கித்தாருக்கு ஆள் கிடைக்காததால் டீனாவே அதைக் கற்றுக்கொண்டார்.

1975 ஜூனில் பௌரி தெருவில் இருந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில், ரமோன்ஸ் குழுவுக்கு முன்னால் முதல் கச்சேரி. அந்தப் பெயரின் எழுத்துகள் கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் ஆகிய மூன்று இசை வகைகளைக் குறித்தன. அந்த மூன்றும் அங்கே பெரிதாக ஒலிக்கவில்லை என்பது வேறு கதை. முதலாளி ஹில்லி கிரிஸ்டல் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பிறர் பாட்டைப் பாடக் கூடாது, சொந்தப் பாட்டு வேண்டும்.

கூடம் நீளமானது, குறுகலானது. சுவர்கள் ஒழுங்கற்றவை, எங்கு பார்த்தாலும் தட்டுமுட்டுச் சாமான். ஒலி எதிரொலிக்க இடமே கிடையாது. பாடகர் முணுமுணுத்தாலும் பின்வரிசை வரை சொல் தெளிவாகப் போய்ச் சேரும், டிரம்ஸின் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்கும். பைர்னின் பாட்டுகள் அந்தக் கூடத்துக்கு அளவெடுத்துத் தைத்தவைபோல் இருந்தன. பதற்றமான குரல், வெடுக்கென்று வெட்டும் கித்தார், சொல்லுக்கு இடம்விட்ட தாளம். பிற்பாடு அவர் பேர்பெற்ற கார்னெகி ஹால் போன்ற அரங்குகளில் பாடியபோது அதே பாட்டுகள் குழம்பின. பளிங்குபோல் ஒலிக்கவேண்டிய தாளம் எதிரொலியில் கரைந்தது. அங்கிருந்துதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது: நான் என் மனத்திலிருந்து பாட்டு எழுதினேனா, அந்தக் கூடத்துக்காக எழுதினேனா?

2010இல் ஒரு மேடைப் பேச்சிலும், 2012இல் வெளிவந்த ‘ஹவ் மியூசிக் ஒர்க்ஸ்’ நூலின் முதல் அத்தியாயத்திலும் இதை அவர் விரித்துச் சொன்னார். கோதிக் தேவாலயத்தின் நீண்ட எதிரொலி நிதானமான, சுருதி மாறாத இசையைக் கேட்டது. ஆப்பிரிக்காவின் திறந்தவெளி மேளங்களின் நுணுக்கமான தாளக்கட்டைக் கேட்டது. இடம்தான் முன்னால் வருகிறது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீதி உலாவுக்குப் பிறந்த நாகஸ்வரத்தைக் குளிரூட்டிய சபாவில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் நாம்.

ஆரம்பத்தில் அவர் மேடையில் எதைச் செய்தார் என்பதைவிட எதைச் செய்ய மறுத்தார் என்பதுதான் முக்கியம். தோல் சட்டை இல்லை. நீண்ட கித்தார் தனி ஆவர்த்தனம் இல்லை. கால்களை அகட்டி நிற்கும் ராக் தோரணை இல்லை. அலுவலக ஊழியர் விடுமுறை நாளில் போட்டுக்கொள்ளும் சட்டை, வெள்ளை விளக்கு, மிரண்ட கண். 1977இல் ஜெரி ஹாரிசன் கீபோர்டும் கித்தாருமாகச் சேர, நால்வர் குழுவின் முதல் ஆல்பம் வந்தது.

ஒலிப்பதிவு அறையே கூடமானபோது

அடுத்த மூன்று ஆல்பங்களைத் தயாரித்தவர் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. மூன்றாவதான ‘ரிமெய்ன் இன் லைட்’ (1980) தனியாகப் பேசத்தக்கது. பஹாமாஸில் இருந்த காம்பஸ் பாயின்ட் ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் குழு கையில் முடிந்த பாட்டு எதுவும் இல்லாமல் போனது. நைஜீரியாவின் ஃபேலா குட்டியைக் கேட்டுக் கேட்டு ஊறியிருந்த நேரம். ஒரே தாளத்தை நிமிடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வாசிப்பது, அதன்மேல் அடுக்கடுக்காக வாத்தியங்களை ஏற்றுவது, பிறகு கலவைப் பலகையில் ஒவ்வொரு அடுக்கையும் திறந்தும் மூடியும் பல்லவி எது, சரணம் எது என்று பிரிப்பது. பின்னணிச் சுரக்கூட்டு (கார்டு) மாறவே மாறாது. பாட்டு நகர்வதாகத் தோன்றுவது எந்த வாத்தியம் உள்ளே வருகிறது, எது விலகுகிறது என்பதால்தான்.

இதற்குமேல் வரி எழுதவேண்டும். பைர்ன் முதலில் அர்த்தமற்ற அசைகளைப் பாடிப் பதிவுசெய்தார், பின்னர் அந்த அசைகளின் நீளத்துக்கும் அழுத்தத்துக்கும் பொருந்தும் சொற்களைத் தேடினார். நம் திரையிசையில் மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் தினமும் செய்கிற வேலை இது, அதனால் வியக்க ஒன்றுமில்லை. வியக்கத்தக்கது அவர் எங்கே போய்க் குரலைத் தேடினார் என்பது. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டில் கேட்பது பாடகரின் குரல் அல்ல, வானொலியில் பிரசங்கம் செய்யும் போதகரின் குரல். அந்த ஏற்ற இறக்கத்தையும் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆவேசம் ஏற்றுவதையும் எடுத்துக்கொண்டு, நடுவயதுக்காரர் ஒருவர் தன் வீட்டையும் மனைவியையும் பார்த்து ‘இங்கே எப்படி வந்து சேர்ந்தேன்?’ என்று திகைப்பதாக மாற்றினார். ஈனோவுடன் அவர் செய்த இன்னொரு ஆல்பத்தில் வானொலியிலும் பழைய இசைத்தட்டுகளிலும் இருந்து எடுத்த பிறர் குரல்களே பாடின. குரல்களுக்கு அனுமதி வாங்குவதில் தாமதமாகி அது 1981இல்தான் வெளிவந்தது.

குழுவின் முதல் விரிசலும் ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தில்தான். ஒன்றாக உட்கார்ந்து வாசித்து உருவாக்கிய பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று அளக்க முடியாது என்பதால், ஐந்து பெயர்களையும் அகரவரிசையில் போடலாம் என்று பேசிக்கொண்டார்கள். உறையில் அச்சாகி வந்தது ‘டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ, டாக்கிங் ஹெட்ஸ்’. மூன்று பேர் ஒரு குழுப்பெயருக்குள் மறைந்துபோனார்கள். எழுத்து வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், பெயர் எங்கே எப்படி அச்சாகிறது என்பது சின்ன விஷயமே அல்ல.

ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு பெரிய கோட்டும்

1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேன்டேஜஸ் அரங்கில் நடந்த கச்சேரிகளை ஜோனதன் டெம்மி படமெடுத்தார். 1984இல் வந்த ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ என்ற அந்தப் படத்தின் முதல் சில நிமிடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காமிரா தரையோடு போகிறது. வெள்ளைக் கான்வாஸ் ஷூ அணிந்த இரண்டு கால்கள் நடந்து வருகின்றன. ஒரு டேப் ரெக்கார்டர் தரையில் வைக்கப்படுகிறது. ஒரு டேப் போட்டுக்காட்ட விரும்புவதாகச் சொல்லிவிட்டு, ஒற்றை அகூஸ்டிக் கித்தாரோடு பைர்ன் பாடத் தொடங்குகிறார். பின்னால் திரை இல்லை, அலங்காரம் இல்லை. அரங்கின் பின்சுவரும் ஏணியும் அப்படியே தெரிகின்றன. இயந்திரத் தாளம் திடீரென்று தடுக்கும்போதெல்லாம், துப்பாக்கிக் குண்டு பட்டவர்போல் அவர் தடுமாறிச் சரிந்து சமாளிக்கிறார். அடுத்த பாட்டுக்கு டீனா வந்து சேர்கிறார். அதற்கடுத்ததற்கு மேடைப் பணியாளர்கள் டிரம்ஸைத் தள்ளிக்கொண்டு வர, ஃபிரான்ட்ஸ். பிறகு ஹாரிசன். பிறகு பின்பாட்டுக்கு இரண்டு பெண்கள், தாள வாத்தியக்காரர், கடைசியாக பெர்னி வொரெலின் கீபோர்டும் அலெக்ஸ் வியரின் கித்தாரும். ஆறாவது பாட்டில்தான் மேடை நிறைகிறது. கச்சேரி எப்படிக் கட்டப்படுகிறது என்பதே கச்சேரி ஆகிவிடுகிறது.

படத்தின் பிற்பகுதியில் அந்தப் புகழ்பெற்ற கோட்டு வருகிறது. ஜப்பானின் நோ நாடகங்களில் நடிகர்கள் அணியும் அகன்ற, சதுரமான உடைகளைப் பார்த்துப் பிறந்த எண்ணம். தலை சின்னதாகத் தெரியவேண்டும், அதற்கு உடம்பைப் பெரிதாக்குவதுதான் சுலபம் என்று அவரே விளக்கம் சொன்னார். உள்ளே சட்டம் கட்டி, தோளிலிருந்து தட்டையாகத் தொங்கவிட்ட அந்தக் கோட்டைத் தையல் வேலை என்பதைவிடக் கட்டட வேலை என்பது பொருந்தும். பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியவேண்டிய உருவம் அது. சிபிஜிபியில் அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் கதவில் மாட்டியிருக்கும்.

கறை ஒன்றும் உண்டு. அந்தப் படத்தின் விளம்பரத்துக்காக 1984இல் எடுத்த சிறு படத்தில் பல வேடங்களில் தன்னைத் தானே பேட்டி கண்ட பைர்ன், சில வேடங்களுக்கு முகத்தில் கருமை பூசிக்கொண்டார். மேடையில் அவரோடு வாசித்தவர்களில் பாதிப் பேர் கறுப்பினக் கலைஞர்களாக இருந்த காலம் அது. 2020இல் அது மீண்டும் பேச்சுக்கு வந்தபோது, அந்தப் படம் தன் நினைவிலேயே இல்லை என்றும், இன்று பார்க்கையில் அது பெரும் பிழை என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இடத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்பது எனக்கு விடை கிடைக்காத கேள்வி.

விலகல்

1984க்குப் பிறகு டாக்கிங் ஹெட்ஸ் சுற்றுப்பயணம் போகவில்லை. ஆல்பங்கள் வந்தன, 1988இல் ‘நேக்கட்’ கடைசி. பைர்னின் கவனம் வேறு கூடங்களுக்குப் போய்விட்டது. துணுக்குப் பத்திரிகைகளின் விசித்திரச் செய்திகளைச் சேர்த்து, டெக்சஸில் இல்லாத ஓர் ஊரைக் கற்பனை செய்து ‘ட்ரூ ஸ்டோரீஸ்’ (1986) என்ற படத்தை இயக்கினார். பெரிய வசூல் இல்லை. ஆனால் அதையொட்டி வந்த ஆல்பத்தின் ஒரு பாட்டுத் தலைப்பிலிருந்துதான் ரேடியோஹெட் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது.

குழு முடிந்துவிட்டது என்ற செய்தி 1991 டிசம்பரில் வெளியானது. மற்றவர்கள் அதைப் பத்திரிகை வாயிலாகத் தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். 1996இல் மூவரும் ‘தி ஹெட்ஸ்’ என்ற பெயரில் ஆல்பம் வெளியிட்டபோது பைர்ன் வழக்குத் தொடுத்தார். ஃபிரான்ட்ஸ் 2020இல் எழுதிய நினைவுநூலில் அந்த மனத்தாங்கல் ஆறவில்லை என்பது தெரிகிறது. பைர்னும் 2023இல், அந்தக் காலத்தில் தான் ஒரு சின்னக் கொடுங்கோலனாக இருந்ததாகவும், பிரிவைச் சரியாகக் கையாளவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒரு கூடம் முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்று அவருக்குத் தோன்றிய இடத்தில், மற்ற மூவருக்கும் அது வீடாக இருந்தது.

பிறருக்கு ஒரு கூடம்

1988இல் தொடங்கிய லுவாகா பாப் இசைத்தட்டு நிறுவனம் அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் வெளியீடு, 1989இல், பிரேசில் பாடல்களின் தொகுப்பு. அதைவிடச் சுவையானது பிரேசில் இசைக்கலைஞர் டோம் ஜேயின் கதை. ரியோ நகரத்துக் கடையொன்றில் சாம்பா இசைத்தட்டுகளுக்கிடையே 1976ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று பைர்னின் கையில் சிக்கியது. சாம்பாவைக் குறும்பாகக் கழற்றிப் பூட்டிய இசை. அதைச் செய்த டோம் ஜே அதற்குள் பிரேசிலிலேயே மறக்கப்பட்டவர். சொந்த ஊரான இராராவுக்குத் திரும்பி, உறவினரின் பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். 1990இல் லுவாகா பாப் அவருடைய தொகுப்பை வெளியிட்டது. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு இரண்டாம் வாழ்வு தொடங்கியது.

ஆனால் ‘உலக இசை’ என்ற பெயர்ப்பலகையைப் பைர்ன் வெறுத்தார். 1999இல் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். உலகத்தின் பெரும்பகுதியை ஒரே அலமாரியில் அடைத்து, ‘இது நம்முடையதல்ல’ என்று ஓரமாக வைக்கும் வழி அது என்பது அவர் வாதம். பிறர் நாட்டு இசையைத் தொகுத்து விற்றுக்கொண்டே இதைச் சொல்கிறாரே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் டோம் ஜேயிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

சுவரைத் தட்டினால்

2005இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கி, 2008இல் நியூயார்க்கிலும் 2009இல் லண்டனிலும் வைக்கப்பட்ட ‘பிளேயிங் த பில்டிங்’ அவருடைய பழக்கத்தின் எல்லை. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த பழைய படகுத்துறைக் கட்டடம். வெறுங்கூடம், நடுவில் ஒரு பழைய ஆர்கன். அதன் முதுகிலிருந்து கம்பிகளும் குழாய்களும் நாலாபக்கமும் ஓடுகின்றன. ஒரு கட்டையை அழுத்தினால் எங்கோ தூணில் ஒரு சுத்தி தட்டுகிறது. இன்னொன்றை அழுத்தினால் உத்தரத்தில் கட்டிய மோட்டார் அதிர்ந்து இரும்பு உறுமுகிறது. மற்றொன்று தண்ணீர்க் குழாய்க்குள் காற்றை ஊதுகிறது, குழாய் புல்லாங்குழலாகிறது. ஒலிபெருக்கி கிடையாது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கலாம். தேர்ந்த பியானோக்காரரும் ஐந்து வயதுக் குழந்தையும் அங்கே ஒன்றுதான், இருவருக்கும் எந்தக் கட்டைக்கு எந்தச் சத்தம் என்று தெரியாது.

அதே 2008இல் சைக்கிள் கம்பிகள். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்தே நியூயார்க்கில் சைக்கிளில்தான் சுற்றுவார், கச்சேரிப் பயணங்களுக்கும் மடக்குச் சைக்கிளை எடுத்துப்போவார். நகரப் போக்குவரத்துத் துறை சைக்கிள் நிறுத்த வடிவங்களுக்கு ஒரு போட்டி வைத்து, நடுவராக அவரை அழைத்தது. அவர் விளையாட்டாகச் சில கோட்டுப்படங்களை வரைந்து அனுப்பினார். செய்து கொடுத்தால் நட்டுவிடுகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். வால் ஸ்ட்ரீட்டில் டாலர் குறி, ஃபிஃப்த் அவென்யூவின் விலையுயர்ந்த கடைக்கு எதிரே குதிகால் செருப்பு என்று ஒன்பது கம்பிகள் தெருவுக்கு வந்தன. இங்கேயும் இடம்தான் வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தது.

பிராட்வேயில் ஒரு சறுக்கலும் ஒரு வெற்றியும்

பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரியின் மனைவி இமெல்டா மார்கோஸ் டிஸ்கோ நடனத்தில் பித்துக்கொண்டவர். அந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டு பைர்ன், நடன இசைக்குப் பேர்பெற்ற டிஜே ஃபேட்பாய் ஸ்லிமுடன் சேர்ந்து ‘ஹியர் லைஸ் லவ்’ ஆல்பத்தை 2010இல் செய்தார். 2013இல் அது நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் இசை நாடகமானது. பார்வையாளர்கள் நின்று ஆடுவார்கள், மேடைகள் அவர்களுக்கிடையே நகரும். சர்வாதிகாரியின் மனைவிக்குக் கூட்டம் எப்படி மயங்கியது என்பதை ஆடிக்கொண்டே உணரவேண்டும் என்பது உத்தி. 2023இல் பிராட்வேக்குப் போனபோது கீழ்த்தள இருக்கைகளையே பெயர்த்தெடுத்து நடனத் தளமாக்கினார்கள். நடிகர்கள் அனைவரும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர், பிராட்வே வரலாற்றில் அது முதல் முறை.

சிக்கல் இசையில் வந்தது. டிஸ்கோ கூடத்தில் பதிவுசெய்த இசைக்குத்தான் ஆடுவார்கள், ஆகவே இங்கேயும் அப்படியே இருக்கட்டும் என்றது தயாரிப்புத் தரப்பு. அந்த அரங்கில் குறைந்தது 19 வாத்தியக்காரர்கள் வேண்டும் என்றது இசைக்கலைஞர் சங்கம். கடைசியில் 12 பேருக்கு உடன்பாடு. ஜூலையில் திறந்த நாடகம் நவம்பரில் மூடப்பட்டது. கலைரீதியாகப் பைர்ன் தரப்பின் வாதம் சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கூடம் என்பது நான்கு சுவர் மட்டுமல்ல, அங்கே காலங்காலமாகக் கூலி வாங்கி வாழ்கிறவர்களும் அதில் சேர்த்தி.

சில ஆண்டுகள் முன்னதாக அதே பிராட்வேயில், 2019 அக்டோபரில் தொடங்கிய ‘அமெரிக்கன் யுடோபியா’ அவர் கையிலேயே மிகச் சுத்தமாக வந்த வேலை. தரையில் எதுவுமே இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். ஒயர் இல்லை, ஸ்பீக்கர் பெட்டி இல்லை, ஒலிவாங்கித் தாங்கி இல்லை. மூன்று பக்கமும் மெல்லிய சங்கிலித் திரை, அதை விலக்கிக்கொண்டு சாம்பல் நிற உடையில் வெறுங்காலோடு வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். டிரம்ஸ் தொகுப்பு ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும் என்பதால் அதைப் பிரித்து ஆறு பேர் கழுத்தில் மாட்டினார். ஒருவர் தட்டுவதை ஆறு பேர் பகிர்ந்துகொண்டு, ஆனி-பி பார்சன் அமைத்த நடனத்தோடு நடந்தபடியே வாசிக்கவேண்டும். ஸ்பைக் லீ அதை 2020இல் படமாக்கினார், பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் சிறப்பு விருதாகக் கிடைத்தது.

இளம்வயதில் மேடையில் அசையவே பயந்து நின்ற ஒருவர் அறுபத்தேழு வயதில் இதைச் செய்தார். 1983இல் பணியாளர்கள் தள்ளிக்கொண்டு வந்த டிரம்ஸ் இங்கே தானே நடந்தது. ஆனால் அன்று வாத்தியங்களோடு வந்து சேர்ந்த அந்த மூவர் இதில் இல்லை.

அவர்களை அடுத்து அவரோடு சேர்த்து மேடையில் பார்த்தது 2023 செப்டம்பரில், டொரன்டோ திரைப்பட விழாவில். ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ புதுப்பிக்கப்பட்டுப் பெருந்திரையில் ஓடியது. 2002இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்குப் பிறகு நால்வரும் பொதுவெளியில் ஒன்றாகத் தோன்றியது அன்றுதான். திரையில் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தவர்கள், படம் முடிந்ததும் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஸ்பைக் லீ கேள்வி கேட்டார், பதில் சொன்னார்கள். யாரும் எதையும் வாசிக்கவில்லை.